கல்லீரல் எழுப்பும் அரிப்பு

பள்ளிக்கரணையிலும் அதை அடுத்த மேடவாக்கம், பெரும்பாக்கம், வேளச்சேரிப் பகுதிகளிலும் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் வாயிலிருந்து காரணம் உடனே வந்துவிடும்: போர் தண்ணீரின் உப்பு, லாரித் தண்ணீரின் அழுக்கு, சதுப்பு நிலத்துக் கொசு, அக்கினி நட்சத்திரத்து வேர்க்குரு. இவற்றில் ஏதேனும் ஒன்று பெரும்பாலும் உண்மையான காரணமாகவே இருந்துவிடுவதால், இவை எதனோடும் தொடர்பில்லாத வேறோர் அரிப்பு அதே தெருக்களில் ஆண்டுக்கணக்கில் அடையாளம் காணப்படாமல் போகிறது. தடிப்போ கொப்புளமோ படையோ இல்லாமல், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மிகுந்து, மாலைக்குப் பின் கூடி, எவ்வளவு சொறிந்தாலும் அடங்காத அந்த அரிப்பின் ஊற்று கல்லீரலில் இருக்கிறது. நாட்பட்ட கல்லீரல் நோய்களுள் பித்த ஓட்டத்தைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தவற்றில், கண் மஞ்சளாவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இது தோன்றக்கூடும். மற்ற அறிகுறிகளை எல்லாம்விட நோயாளரை அதிகம் வாட்டுவதாகவும் இருக்கக்கூடும். இதற்குப் படிப்படியான மருத்துவம் உண்டு. ஆனால் எந்த ரத்தப் பரிசோதனையும் இந்த வேதனையை அளந்து காட்டாது என்பதால், நோயாளர் சொல்வதும் மருத்துவர் கேட்பதுமே அந்த மருத்துவத்தின் முதற்படியாக அமைகின்றன.

பித்தம் தேங்கும்போது

சொறியத் தூண்டும் இனிமையற்ற உணர்வே அரிப்பு என்று ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் 1660-இல் தந்த வரையறையை மருத்துவ நூல்கள் இன்றும் எடுத்தாள்கின்றன. ஆறு வாரங்களுக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட அரிப்பு என்பர். அதற்குத் தோல் நோய்கள் மட்டுமல்லாமல் சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, சில ரத்த நோய்கள் எனப் பல உட்காரணங்கள் உண்டு. கல்லீரல் அவற்றுள் முதன்மையான ஒன்று.

கல்லீரல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 மில்லிலிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரந்து, நுண்ணிய பித்த நாளங்களின் வழியே சிறுகுடலுக்கு அனுப்புகிறது. உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்க உதவுவதும், உடல் வெளியேற்ற வேண்டிய கழிவுகள் சிலவற்றைச் சுமந்து செல்வதும் இந்நீரின் வேலைகள். தென்சென்னைப் புறநகரின் ஏரிகளிலிருந்து வரும் மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் போக வேண்டியிருக்க, அந்த வடிகால் குறுகிவிட்டால் நீர் பின்வாங்கித் தெருக்களுக்குள் புகுவதைப்போல, பித்த நாளங்கள் அழற்சியால் சிதைந்தோ அடைபட்டோ போகும்போது குடலுக்குச் செல்ல வேண்டிய பொருள்கள் கல்லீரலில் தேங்கி ரத்தத்துக்குள் திரும்புகின்றன. மருத்துவர்கள் கொலஸ்டாசிஸ் என்று குறிப்பிடும் பித்தத் தேக்கம் இதுதான். இந்நிலையில் ஆல்கலைன் பாஸ்பேட்டஸ், காமா ஜி.டி. என்னும் நொதிகளின் அளவு ரத்தத்தில் உயர்கிறது. மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் அளவோ நெடுங்காலம் இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால், கண் வெளுப்பாகத்தான் இருக்கிறது என்பதை வைத்துக் கல்லீரல் நலமாக இருப்பதாக முடிவு செய்துவிட முடியாது.

தேங்கும் பொருள்களுள் எது அரிப்பை உண்டாக்குகிறது என்ற வினாவுக்கு முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை. பித்த அமிலங்களே காரணம் என்று நீண்ட காலம் கருதப்பட்டது. ஆனால் ரத்தத்தில் அவற்றின் அளவும் அரிப்பின் கடுமையும் ஒத்துப்போகவில்லை. உடலே சுரக்கும் ஓபியாய்டுகள், அதாவது அபின் வகை மருந்துகளை ஒத்த வேதிப்பொருள்கள், இதில் பங்கு கொள்வதாக வேறொரு கருத்து எழுந்தது. 2010-இல் ஆண்ட்ரியாஸ் கிரெமர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆட்டோடாக்சின் என்னும் நொதியையும், அது உண்டாக்கும் லைசோபாஸ்பாடிடிக் அமிலம் என்ற கொழுப்புப் பொருளையும் சுட்டிக்காட்டி, ஆட்டோடாக்சினின் செயல்பாடு அரிப்பின் கடுமையோடு சேர்ந்து உயர்வதைக் காட்டினர். 2019-இல் பித்த அமிலங்களை உணர்ந்து அரிப்புச் செய்தியை மூளைக்கு அனுப்பும் ஓர் ஏற்பி மனித நரம்பணுக்களில் கண்டறியப்பட்டதால், பித்த அமிலங்களும் மீண்டும் ஆய்வுக்களத்துக்கு வந்தன. கொசுக்கடியிலும் காணாக்கடியிலும் அரிப்பைத் தூண்டும் ஹிஸ்டமின் என்னும் பொருளுக்கு இதில் பெரிய பங்கில்லை என்பதில் மட்டும் ஆய்வாளரிடையே பெருமளவு உடன்பாடு உண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் அவில், சிட்ரிசின் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமினைத் தடுப்பவை என்பதால், அவை இந்த அரிப்பை அதிகம் குறைப்பதில்லை; அவற்றுள் சில தரும் தூக்கத்தையே பலர் குணமாக எடுத்துக்கொள்கின்றனர்.

யாருக்கு வருகிறது

இந்த அரிப்போடு மிக நெருங்கிய தொடர்புடைய நோய் பிரைமரி பிலியரி கோலாஞ்சைடிஸ் ஆகும். உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் சொந்தக் கல்லீரலுக்குள் இருக்கும் சிறு பித்த நாளங்களையே தாக்கி மெல்ல மெல்ல அழிக்கும் இந்நோய், பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரான எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் தேடுவதன் மூலம் இதனைப் பெரும்பாலும் உறுதி செய்யலாம். கல்லீரல் கெட்டது என்றாலே குடிப்பழக்கம் என்று எண்ணும் சமூகத்தில், வாழ்நாளில் மதுவைத் தொடாத பெண்ணொருவர் தம் நோயின் பெயரைச் சொல்லவே கூசுவதும், அந்தக் கூச்சத்தால் சிகிச்சை தள்ளிப்போவதும் நோயின் மேல் ஏறும் கூடுதல் சுமைகள். பெரிய பித்த நாளங்களில் தழும்பும் குறுக்கமும் உண்டாக்கும் ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைடிஸ், பித்த நாளக் கல், கணையத் தலைப்பகுதிக் கட்டி, சில மருந்துகளால் நேரும் கல்லீரல் பாதிப்பு, ஹெபடைடிஸ் சி ஆகியவற்றிலும் இவ்வரிப்பு வரலாம்.

கர்ப்பிணிகளின் நிலை தனியே சொல்லத்தக்கது. பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குப் பின், தடிப்பேதும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கினால், அது கர்ப்ப காலப் பித்தத் தேக்கமாக இருக்கக்கூடும். வயிறு விரிவதால் தோல் அரிக்கிறது என்று வீட்டில் ஆறுதல் சொல்லிக் கடந்துபோகாமல், ரத்தத்தில் பித்த அமில அளவைப் பார்த்துவிட வேண்டும். அந்த அளவு லிட்டருக்கு 100 மைக்ரோமோலையோ அதற்கு மேலோ எட்டும்போது குழந்தை வயிற்றிலேயே இறக்கும் வாய்ப்பு கூடுகிறது. குழந்தைகளிடத்திலோ, பிறவியிலேயே பித்த நாளம் அடைபட்டிருக்கும் நோயும், பரம்பரையாக வரும் பித்தத் தேக்க நோய்களும் காரணங்களாகின்றன. பேசத் தெரியாத குழந்தை காதையும் கண்ணிமையையும் இடைவிடாது தேய்ப்பதும், இரவெல்லாம் அழுவதும் அரிப்பின் மொழியாக இருக்கலாம்.

இரவின் நெடுமை

இந்த அரிப்புக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. பகலில் வேலையின் ஊடே பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருப்பது, பொழுது சாய்ந்தபின் ஏறி, படுக்கையின் வெப்பத்தில் உச்சத்தை அடைகிறது. உள்ளங்காலை வாசலில் கிடக்கும் கயிற்று மிதியடியில் தேய்ப்பது, முதுகைச் சீப்பாலோ அடிக்கோலாலோ சொறிவது, நள்ளிரவில் குளியலறைக்குச் சென்று குழாயடியில் காலை நீட்டிக்கொண்டு நிற்பது, போர்வையை உதறி வெறுந்தரையில் படுப்பது என நோயாளர் தமக்குத் தாமே வழிகளைக் கண்டுபிடித்துக்கொள்கின்றனர். மின்விசிறியின் காற்றும் வெப்பமாகவே வீசும் மே மாதச் சென்னையில் அவ்வழிகளும் அடைபடுகின்றன. தோலில் முதலில் எதுவும் இல்லை; சொறிவதால்தான் கீறல்களும் கருமைத் திட்டுகளும் தடித்த முடிச்சுகளும் பின்னர் உண்டாகின்றன. கை எட்டாத நடுமுதுகு மட்டும் கீறலின்றித் தெளிவாக இருப்பதைக் கண்டு, தேர்ந்த மருத்துவர் அரிப்பின் ஊற்று உள்ளே இருப்பதை ஊகித்துவிடுவதும் உண்டு.

ஆனால் அக்கீறல்களே மற்றவரைத் திசைதிருப்பவும் செய்கின்றன. சொறி சிரங்கு என்று கருதி உறவினர் விலகி உட்காருகின்றனர். படை என்று கருதி, ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையிலேயே வாங்கித் தடவித் தோலை மெலியச் செய்துகொள்வோரும் உளர். சிரங்கும் இரவில் கூடும் என்றாலும், அது விரலிடுக்கில் சிறு கொப்புளங்களோடு தொடங்கி வீட்டில் மற்றவருக்கும் பரவும். கல்லீரல் அரிப்பு யாருக்கும் தொற்றாது. தொடர்ந்து உறக்கம் கெடுவதால் பகலில் கடும் அயர்ச்சியும், வேலையில் கவனக்குறைவும், எரிச்சலும், நாளடைவில் மனச்சோர்வும் சேர்கின்றன. தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை அரிப்பு தள்ளிய நிகழ்வுகளும் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன.

இதில் இன்னொரு புதிரும் உண்டு. கல்லீரலின் சிதைவும் அரிப்பின் கடுமையும் ஒன்றோடொன்று இணைந்து நடப்பதில்லை. நோய் தொடக்க நிலையில் இருப்பவர் தாங்க முடியாத அரிப்போடு வாழ்வதும், நோய் முற்றியவரிடம் அரிப்பு தணிந்துவிடுவதும் உண்டு. எனவே, பரிசோதனை முடிவுகள் நன்றாக இருக்கின்றன என்று மருத்துவர் சொல்வதும், இரவில் உறங்கவே முடியவில்லை என்று நோயாளர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

மருத்துவத்தின் படிகள்

கல், கட்டி முதலியவற்றால் பெரிய நாளம் அடைபட்டிருந்தால், அந்த அடைப்பை நீக்குவதோ ஸ்டென்ட் என்னும் குழலை வைத்து வழி உண்டாக்குவதோ அரிப்பையும் நீக்கிவிடும். ஆகையால் முதலில் ஸ்கேன் எடுத்து இதனைத் தெளிவுபடுத்திக்கொள்வர். பிரைமரி பிலியரி கோலாஞ்சைடிஸுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில் தரப்படும் உர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம் நோயின் போக்கை மெதுவாக்குகிறது. ஆனால் அரிப்பை அது பெரிதாகக் குறைப்பதில்லை. நோய்க்கு மாத்திரை சாப்பிட்டும் அரிப்பு குறையவில்லையே என்று மருந்தையே நிறுத்திவிடுவோர், இவ்விரண்டும் தனித்தனிச் சிகிச்சை தேவைப்படுபவை என்பதை அறியாதவர்கள்.

அரிப்புக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது கொலஸ்டிரமின் என்னும் பொடி. அது குடலில் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேற்றுகிறது. நாளொன்றுக்கு 4 கிராமில் தொடங்கி, தேவைக்கேற்ப 16 கிராம் வரை கூட்டலாம். இரவு முழுவதும் பித்தப்பையில் சேர்ந்த பித்தம் காலை உணவோடு குடலில் இறங்குவதால், காலைச் சிற்றுண்டிக்கு முன்பும் பின்பும் உட்கொள்வதில் பயன் மிகுதி. தண்ணீரிலோ பழச்சாற்றிலோ கரைத்தால் முழுதும் கரையாமல் நறநறப்பாகவே இருக்கும் இப்பொடியைக் குடிப்பது இனிய அனுபவம் அன்று; மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் வரலாம். மேலும், அது பித்த அமிலத்தை மட்டுமல்லாமல் உடன் உட்கொள்ளும் மற்ற மருந்துகளையும் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. விடியற்காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடும் பெண்ணொருவர், அதற்கும் இப்பொடிக்கும் இடையே மருத்துவர் குறிக்கும் மணிக்கணக்கான இடைவெளியைக் காக்காவிட்டால் அந்த மாத்திரை வீணாகும். உர்சோ மாத்திரைக்கும் இதே விதி பொருந்தும். மருந்து வேலை செய்யவில்லை என்ற முறையீட்டின் பின்னால், வேளை தவறியதே காரணமாக இருப்பது அரிதன்று.

அடுத்த படியில் வருவது தாம்பரம் வட்டாரத்துக்கு நன்கு அறிமுகமான மருந்து. 1928-இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் சானடோரியம் என்ற பெயரையே பெற்ற அப்பகுதியில், ரிஃபாம்பிசின் என்றால் காசநோய் மாத்திரை என்றே பொருள். அதே மருந்து, நாளொன்றுக்கு 150 முதல் 600 மில்லிகிராம் வரையிலான அளவில், கல்லீரலின் மரபணுச் செயல்பாட்டை மாற்றி ஆட்டோடாக்சின் உருவாவதைக் குறைப்பதன் மூலம் அரிப்பைத் தணிப்பதாகக் கருதப்படுகிறது. சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாக மாறுவது தீங்கற்றது. ஆனால் சிலருக்கு இம்மருந்தே சில வாரங்களிலோ மாதங்களிலோ கல்லீரல் அழற்சியை உண்டாக்கக்கூடும் என்பதால், குறித்த இடைவெளிகளில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது கட்டாயம். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து முதலியவற்றின் ஆற்றலையும் இது குறைக்கும். காசநோய் பரவலாக உள்ள நாட்டில், மறைந்திருக்கும் காசநோய் ஒருவருக்கு உள்ளதா என்று பாராமல் ரிஃபாம்பிசினை மட்டும் தனியே கொடுத்தால், கிருமி அம்மருந்துக்குப் பழகிப்போகும் ஆபத்தும் உண்டு. எனவே பக்கத்து வீட்டில் மிஞ்சிய காசநோய் மாத்திரையை அரிப்புக்குப் போட்டுப் பார்ப்பது இருமடங்கு தவறு.

இவற்றாலும் தணியாதபோது, ஓபியாய்டுகளைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன், மனச்சோர்வுக்குத் தரப்படும் செர்ட்ராலின் ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. செர்ட்ராலினைச் சீட்டில் கண்டதும், தம் அரிப்பை மருத்துவர் மனநோய் என்று எண்ணிவிட்டார் எனச் சிலர் வருந்துவதுண்டு; அரிப்புச் செய்தி நரம்பு மண்டலத்தில் கடந்து செல்லும் வழியை மாற்றுவதற்காகவே அது தரப்படுகிறது. ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் பெசாஃபைப்ரேட் என்ற மாத்திரையை வைத்து நடந்து 2021-இல் வெளியான ஃபிட்ச் ஆய்வில், அம்மருந்து பெற்றவர்களுள் 45 சதவீதத்தினருக்கு அரிப்பு பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் இது 11 சதவீதமாக இருந்தது. குடலிலிருந்து பித்த அமிலம் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் ஒடெவிக்சிபாட், மராலிக்சிபாட் என்னும் மருந்துகள், குழந்தைகளின் பரம்பரைப் பித்தத் தேக்க நோய்களில் வரும் அரிப்புக்காக 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மருந்துகள் பயனளிக்காதவர்களுக்குப் புற ஊதா ஒளிச் சிகிச்சையும், மூக்கு வழியே குழாய் செலுத்திப் பித்தநீரைச் சில நாள் வெளியே வடிக்கும் முறையும் உள்ளன.

கடைசிப் படி கல்லீரல் மாற்று அறுவை. கல்லீரலின் மற்றச் செயல்கள் ஓரளவு நன்றாக இருந்தாலும், எதற்கும் அடங்காத அரிப்பு ஒன்றே மாற்று அறுவைக்குப் போதிய காரணம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்கின்றன. அறுவைக்குப் பின் அரிப்பு விரைவிலேயே மறைந்தும் விடுகிறது. 1998 நவம்பரில் டெல்லி அப்போலோ மருத்துவமனையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்றைப் பெற்றது, பிறவிப் பித்த நாள அடைப்போடு பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தை. கல்லீரலின் ஒரு பகுதியைத் தந்தவர் அதன் தந்தை. அன்று டெல்லிக்குப் போக வேண்டியிருந்த அச்சிகிச்சை, இன்று பள்ளிக்கரணைக்கு அருகிலேயே, பெரும்பாக்கத்திலும் குரோம்பேட்டையிலும் உள்ள தனியார் மருத்துவமனைகளில் நடைபெறுகிறது. சென்னையின் அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலும் நடைபெறுகிறது. ஆயினும், இறந்தவரின் கல்லீரலுக்காகக் காத்திருப்போரின் வரிசையை முடிவு செய்யப் பரவலாகப் பயன்படும் மெல்ட் என்ற மதிப்பெண், பிலிருபின், கிரியாட்டினின், ரத்தம் உறையும் நேரம் முதலியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அதில் அரிப்புக்கு இடமில்லாததால், அரிப்பால் மட்டுமே துன்புறுபவர் வரிசையின் பின்பகுதியிலேயே நிற்க நேர்கிறது.

வீட்டில் செய்யத்தக்கவை

தண்ணீரைக் குற்றம் சொல்பவர் ஒருவகையில் பாதி சரியானவரே. கடினநீர் இந்த அரிப்பை உண்டாக்குவதில்லை என்றாலும், சோப்புப் படிவைத் தோலில் தங்கவிட்டு வறட்சியைக் கூட்டுவதால், இருக்கும் அரிப்பை மிகுவிக்கும். வெந்நீரைத் தவிர்த்து, சிறிது நேரமே குளித்து, முடிந்தால் கடைசி இரண்டு குவளையை உப்பு குறைந்த நீராக ஊற்றிக்கொண்டு, உடலின் ஈரம் முழுதும் காய்வதற்குள் மணமற்ற ஈரப்பதக் களிம்பையோ தேங்காய் எண்ணெயையோ தடவுவது பயன் தரும். மென்தால் கலந்த களிம்பும் நனைத்துப் பிழிந்த துணியும் சற்று நேரம் ஆறுதல் தரும். நகத்தை ஒட்ட வெட்டுவதும், தளர்ந்த பருத்தி ஆடை உடுத்துவதும், சொறிவதற்குப் பதிலாக உள்ளங்கையால் அழுத்துவதும் தோலில் புண் வராமல் காக்கும்.

காமாலை என்றதும் கீழாநெல்லியை நாடும் வழக்கம் இப்பகுதியில் ஆழமாக வேரூன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு அம்மூலிகைக்கு உலகப் புகழ் தந்தது. ஆனால் அவ்வாய்வு ஹெபடைடிஸ் பி பற்றியது. அதன் முடிவுகளும் பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அதே அளவில் கிடைக்கவில்லை. பித்த நாளங்கள் சிதையும் நோய்க்கு அதனைச் சான்றாகக் கொள்ள இயலாது. ஏற்கெனவே நலிந்த கல்லீரலுக்கு எந்த மருந்தும் சுமையாகக்கூடும் என்பதால், எந்த மருத்துவ முறையை நாடினாலும் உட்கொள்வன அனைத்தையும் கல்லீரல் மருத்துவரிடம் தெரிவிப்பதே பாதுகாப்பு.

சொல்லவும் கேட்கவும்

பிரிட்டனில் பிரைமரி பிலியரி கோலாஞ்சைடிஸ் நோயாளரிடையே நடந்த பெரிய ஆய்வொன்று, அவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூவர் எப்போதாவது அரிப்பை அனுபவித்தவர்கள், மூன்றில் ஒருவர் தொடர்ந்த அரிப்போடு வாழ்பவர்கள் என்று காட்டியது. ஆனால் முதற்படி மருந்தான கொலஸ்டிரமினைக்கூட அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பெற்றிருக்கவில்லை. வலியைச் சொன்னால் கவனிக்கும் மருத்துவ உலகம் அரிப்பைச் சிறு தொல்லையாக எண்ணுவதும், பெரிய மருத்துவமனைக்குப் போய் இதைப் போய்ச் சொல்வதா என்று நோயாளர் தயங்குவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

இத்தயக்கத்தைக் கடக்க எளிய கருவி ஒன்று உண்டு. அரிப்பே இல்லாத நிலைக்குச் சுழியம், கற்பனை செய்யக்கூடிய மிகக் கொடிய அரிப்புக்குப் பத்து என்று வைத்துக்கொண்டு, கடந்த நாளின் அரிப்புக்கு ஓர் எண்ணை நோயாளர் இடுவது உலகெங்கும் ஆய்வுகளில் பயன்படும் முறை. நான்கை எட்டினால் மிதமானது, ஏழை எட்டினால் கடுமையானது என்று பொதுவாகக் கொள்வர். அந்த எண்ணையும், இரவில் விழித்த முறைகளையும், அரித்த இடங்களையும் நாட்காட்டித் தாளில் இரண்டு வாரம் குறித்துக் கொண்டுபோனால், ஒவ்வொரு மருந்தும் பயன் தந்ததா, அடுத்த படிக்கு நகர வேண்டுமா என்பதை முடிவு செய்ய மருத்துவருக்கு அடிப்படை கிடைக்கிறது. தடிப்பில்லாத அரிப்பு ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எவரும் கல்லீரல் செயல்பாட்டுச் சோதனையை, ஆல்கலைன் பாஸ்பேட்டஸ் உட்படக் கேட்டுச் செய்துகொள்வதும், நோய் உறுதியானவர்கள் ஒவ்வொரு வருகையிலும் பிலிருபின் அளவுக்குப் பக்கத்தில் தம் அரிப்பு எண்ணையும் கோப்பில் எழுதச் சொல்வதும், கூடுதல் செலவு அதிகமின்றி எந்தப் புறநோயாளர் பிரிவிலும் இன்றே தொடங்கக்கூடியவை.